தண்ணீரைக் குறைத்தால் அடங்குமா சிறுநீர்ப்பை?

சென்னை கிளாம்பாக்கத்தில் இரவுப் பேருந்து ஏறும் பெண்களில் பலர் அன்று மாலையிலிருந்தே தண்ணீரைத் தொடுவதில்லை. வண்டி வழியில் எங்கே நிற்கும், நின்ற இடத்தில் கழிப்பறை இருக்குமா, இருந்தாலும் உள்ளே கால் வைக்க முடியுமா என்ற கவலைதான் காரணம். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை விரித்துக் காட்டும் பெண், பந்தோபஸ்துக்கு வந்து நடுரோட்டில் நிற்கும் பெண் காவலர், பள்ளிக் கழிப்பறையின் நாற்றத்துக்குப் பயந்த மாணவி, அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கிறதே என்று கூச்சப்படும் அறுபதைத் தாண்டிய பெரியவர் என எல்லோரும் போய்ச் சேரும் வழி ஒன்றுதான்: குடிப்பதைக் குறைத்துக்கொள்வது.

தண்ணீரைத் தவிர்க்கும் அதே பயணி, வண்டி ஏறுவதற்கு முன் ஒரு டீ குடித்திருப்பார். பொட்டலத்தில் புளிசாதமும் ஊறுகாயும் இருக்கும். பக்கத்தில் ஒரு சிப்ஸ் பாக்கெட். சிறுநீர்ப்பையை உசுப்பிவிடக்கூடியதெல்லாம் உள்ளே போய்விடுகிறது. அதை ஆற்றக்கூடிய தண்ணீர் மட்டும் வெளியே நிற்கிறது.

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் பெரும்பகுதியை உடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மிஞ்சும் ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீர். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினால் சிறுநீரின் அளவு குறையும். ஆனால் வெளியேற வேண்டிய யூரியாவும் உப்புகளும் குறைவதில்லை. அவை அத்தனையும் கொஞ்ச நீரில் அடர்த்தியாகக் கரைந்து நிற்கின்றன. நிறம் கறுத்து, வாடை ஏறி, போகும்போது எரிகிறது. கோடையில் நம் வீடுகளில் 'சூடு பிடித்துவிட்டது', 'நீர்க்கடுப்பு' என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி இதுதான். நீர்மோரும் இளநீரும் தந்தால் அரை நாளில் சரியாகிவிடுவதும் அதனால்தான். அந்தப் பாட்டி வைத்தியத்தில் வேலை செய்யும் மருந்து முதலில் தண்ணீர்.

நீர்க்கடுப்பின் இன்னொரு பகுதி அவ்வளவு எளிதானதல்ல. அது கிருமித்தொற்று. பெண்களின் சிறுநீர்த் தாரை சுமார் நான்கு சென்டிமீட்டர் நீளம்தான். மலக்குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா அந்தச் சிறிய தூரத்தைக் கடந்து சிறுநீர்ப்பைக்குள் ஏறிவிடுகிறது. அங்கே தங்கிப் பெருகுவதற்கு அதற்கு நேரம் வேண்டும். ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் கிருமிகளில் ஒரு பங்கு அடித்துச் செல்லப்படுகிறது. தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கிவைக்கும்போது அந்த நேரத்தை நாமே கொடுக்கிறோம்.

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. பல்கேரியாவில் அடிக்கடி சிறுநீர்ப்பைத் தொற்று வந்து அவதிப்பட்ட, நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கும் பழக்கமுள்ள 140 பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதிப் பேரை வழக்கம்போல் இருக்கச் சொன்னார்கள். மற்றவர்களை வழக்கத்துக்கு மேல் இன்னும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் தினமும் குடிக்கச் சொன்னார்கள். ஓராண்டில் முதல் பிரிவினருக்குச் சராசரியாக 3.2 முறை தொற்று வந்தது. கூடுதலாகக் குடித்தவர்களுக்கு 1.7 முறை. ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட வேண்டிய தடவைகளும் அதற்கேற்பக் குறைந்தன. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் நம் நாட்டில் இது சின்ன லாபமில்லை.

வெளிநாட்டு இதழ்களைப் படிப்பவர்கள் கிரான்பெரி பற்றிக் கேட்பதுண்டு. அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு அது ஏறக்குறைய கால் பங்கு ஆபத்தைக் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2023 அறிக்கை சொல்கிறது. வந்துவிட்ட தொற்றை அது குணப்படுத்துவதில்லை. நம் ஊரில் கிடைக்கும் விலையைப் பார்த்தால், அதற்கு முன் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் டீ, காபி.

ஆரோக்கியமான பெரியவர் ஒருவரின் சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லி வரை பிடிக்கும். 150, 200 மில்லி சேர்ந்ததுமே 'கொஞ்சம் இருக்கிறது' என்ற முதல் உணர்வு வந்துவிடும்; பழகிய மூளை அதைக் கொஞ்ச நேரம் ஒத்திப்போடும். கஃபீன் இந்த ஏற்பாட்டில் இரண்டு பக்கமும் கைவைக்கிறது. சிறுநீர் உற்பத்தியைச் சற்றே கூட்டுகிறது. சிறுநீர்ப்பையின் தசையையும் உசுப்பி, நிறைவதற்கு முன்பே அவசரம் காட்ட வைக்கிறது. அமெரிக்கப் பெண்களிடம் எடுக்கப்பட்ட தேசிய அளவிலான உடல்நலக் கணக்கெடுப்பு ஒன்றை அலசியபோது, நாளுக்கு 204 மில்லிகிராமும் அதற்கு மேலும் கஃபீன் எடுப்பவர்களிடம் சிறுநீர்க் கசிவு கூடுதலாகத் தென்பட்டது. தும்மினால், சிரித்தால், படியேறினால் சொட்டுச் சொட்டாகக் கசிவதை வெளியே சொல்லாமல் சமாளிக்கும் அம்மாக்கள் நம் தெருக்களில் எத்தனையோ பேர். காலையில் இரண்டு டம்ளர் திக்கான ஃபில்டர் காபி, பதினோரு மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்று குடிப்பவர் இந்த அளவை எளிதாகத் தொட்டுவிடுவார் என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் காபி உடம்பிலுள்ள தண்ணீரையெல்லாம் வற்றடித்துவிடும் என்ற பேச்சை நம்ப வேண்டியதில்லை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் காபிப் பழக்கமுள்ள 50 ஆண்களுக்குச் சில நாள் தினம் நான்கு கப் காபியும், வேறு சில நாள் அதே அளவு தண்ணீரும் கொடுத்துப் பார்த்தார்கள். உடலின் நீர்ச்சத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2014இல் அறிவித்தார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் வரை, கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம் வரை கஃபீனில் பயமில்லை என்கிறது. ஆக, சிறுநீர்ப்பை சமர்த்தாக இருப்பவர் காபியை விட வேண்டியதில்லை. அவசரமோ கசிவோ உள்ளவர்தான் குறைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும். ஒரு வாரத்துக்கு ஒரு டம்ளர் என்று குறைப்பது நல்லது. குடித்த கஃபீனில் பாதி உடலைவிட்டுப் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலை ஆறரை மணி டீ இரவு பதினொன்றரைக்கும் வேலை செய்துகொண்டிருக்கும்.

கோலா பானங்கள், 'எனர்ஜி' பானங்கள் ஆகியவற்றிலும் கஃபீன் உண்டு. மதுவின் கதை வேறு. நீரைத் தேக்கிவைக்கச் சொல்லும் ஹார்மோனையே அது அடக்கிவிடுகிறது. குடித்ததைவிட அதிகமாக வெளியேற்றிவிட்டு, மறுநாள் காலை நாக்கு வறண்டு எழுவது அதனால்தான்.

காபியைக் குற்றம் சொல்பவர்கள்கூட உப்பைச் சந்தேகிப்பதில்லை. நாகசாகி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொமொஹிரோ மாட்சுவோ குழுவினர் 2017இல் லண்டனில் நடந்த ஐரோப்பிய சிறுநீரியல் மாநாட்டில் வெளியிட்ட முடிவு பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அதிக உப்பு உண்பவர்களும் தூக்கச் சிக்கல் உள்ளவர்களுமான 321 பேருக்கு உப்பைக் குறைக்க ஆலோசனை தந்தார்கள். 223 பேர் அதன்படி நடந்தார்கள்; நாளுக்கு 10.7 கிராமாக இருந்த உப்பு 8 கிராமானது. இரவில் சராசரியாக 2.3 முறை எழுந்துகொண்டிருந்தவர்கள் 1.4 முறையாகக் குறைந்தார்கள். மீதிப் பேரின் உப்பு 9.6 கிராமிலிருந்து 11 கிராமாக ஏறியது. அவர்கள் எழுவதும் 2.3 முறையிலிருந்து 2.7 முறையானது.

ஒரு இரவில் ஒரு முறை குறைவதில் என்ன பெரிய விஷயம் என்று இளைஞர்கள் கேட்கலாம். எழுபது வயதுக்காரர் இருட்டில் எழுந்து, வழுக்கும் குளியலறைத் தரையில் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் இடுப்பெலும்பு முறிவுக்கு ஒரு வாய்ப்பு. தூக்கம் கலைந்தால் மறுநாள் ரத்த அழுத்தமும் மனமும் சேர்ந்து கெடுகின்றன. பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒரு முறை குறைவது பெரிய விஷயம்தான்.

உப்பு உடலில் நீரைப் பிடித்துவைக்கிறது. பகலில் அது காலில் இறங்கி நிற்கிறது. செருப்பின் தடம் பாதத்தில் பதிந்திருப்பதைச் சிலர் பார்த்திருப்பார்கள். படுத்ததும் அந்த நீர் ரத்த ஓட்டத்துக்குத் திரும்பி, சிறுநீரகத்துக்குப் போய், நடுராத்திரியில் எழுப்புகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு டீஸ்பூன். நம் இலையில் அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு, வடகம் என்று சமைத்த உப்புக்கு மேல் தனி உப்பு வந்து உட்காருகிறது. தயிர்சாதத்தில் உப்பு, அதற்குத் தொட்டுக்கொள்ளும் மாவடுவிலும் உப்பு. இரவுச் சாப்பாட்டில் மட்டுமாவது இவற்றில் ஒன்றை விட்டுப் பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

கல்லடைப்புக்கு வந்தால் உணவின் கை இன்னும் தெளிவாகத் தெரியும். தாய்லாந்தின் வடகிழக்கே உபோன் ராட்சதானி மாகாணத்தில் ஐம்பது, அறுபதுகளில் கிராமத்துக் குழந்தைகளுக்குச் சிறுநீர்ப்பையில் கல் வந்துகொண்டிருந்தது. பெரியவர்களுக்குச் சிறுநீரகத்தில் வரும் கல் அல்ல. இரண்டு, மூன்று வயதுப் பையன்களுக்குச் சிறுநீர்ப்பையிலேயே உருவாகும் கல். நகரத்துக் குழந்தைகளுக்கு அது அரிதாகவே வந்தது. ஆரி வல்யசேவி என்ற தாய்லாந்து மருத்துவரும் அவருடைய சகாக்களும் காரணத்தைத் தேடிக் கிராமங்களுக்குப் போனார்கள். பிறந்து சில நாட்களிலேயே பசையரிசிச் சோற்றை மென்று குழந்தைக்கு ஊட்டும் வழக்கம் அங்கே இருந்தது. தாய்ப்பாலின் இடத்தைச் சோறு பிடித்துக்கொண்டது. பால், முட்டை போன்றவை கிடைக்காததால் குழந்தைகளின் உணவில் பாஸ்பேட் மிகக் குறைவு. சிறுநீரில் படிகங்கள் ஏராளம். பாஸ்பேட்டைக் கூடுதலாகக் கொடுத்தபோது படிகங்கள் குறைந்தன. ஊட்டம் மேம்பட மேம்பட அந்த நோயும் பின்வாங்கியது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலும் ஒரு காலத்தில் ஏழைக் குழந்தைகளை இதே கல் வாட்டியிருக்கிறது. அதை ஒழித்ததில் கத்தியைவிடச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்று தமிழ்நாட்டில் நாம் பார்ப்பது பெரும்பாலும் சிறுநீரகத்தில் உருவாகி, கீழிறங்கும்போது உயிரை எடுக்கும் கால்சியம் ஆக்சலேட் கற்கள். பாகு காய்ச்சும்போது நீர் வற்ற வற்றப் பாத்திரத்தின் ஓரத்தில் சர்க்கரை படிகிறதே, அந்த மாதிரிதான் அடர்ந்த சிறுநீரில் உப்புகள் படிகின்றன. இத்தாலிய மருத்துவர் லோரிஸ் போர்கியின் குழு, முதல் முறை கல் வந்த 199 பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்து 1996இல் முடிவை வெளியிட்டது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லப்பட்டவர்களில் 12 சதவீதம் பேருக்கு மறுபடி கல் வந்தது. மற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கு.

கல் என்றதும் பாலையும் தயிரையும் நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. 'கால்சியம்தானே கல்?' என்ற கணக்கு. அதே போர்கி 2002இல் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கினார். 120 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கால்சியத்தைக் குறைத்தார். மறு பிரிவுக்குக் கால்சியத்தை வழக்கம்போல் தந்து உப்பையும் இறைச்சியையும் குறைத்தார். ஐந்தாண்டு முடிவில் கால்சியம் குறைத்தவர்களில் 38 சதவீதம் பேருக்கும், உப்பும் இறைச்சியும் குறைத்தவர்களில் 20 சதவீதம் பேருக்கும் கல் திரும்பி வந்தது. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடுகிறது என்பதுதான் விளக்கம். பாலக்கீரை, முந்திரி போன்ற ஆக்சலேட் மிகுந்தவற்றைத் தயிரோடு சேர்த்துச் சாப்பிடுவதில் நியாயம் இருக்கிறது.

எலுமிச்சைச் சாற்றுக்கும் நியாயம் உண்டு. அதிலுள்ள சிட்ரேட் படிகம் சேர்வதைத் தடுக்கிறது. உப்பு அள்ளிப் போடாமல், சர்க்கரையைக் கொட்டாமல் குடித்தால் நல்லது. வாழைத்தண்டை நார்ச்சத்துக்காகத் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் ஒரு சென்டிமீட்டர் கல்லை வாழைத்தண்டுச் சாறு கரைத்துவிடும் என்று நம்பி மருத்துவரைத் தள்ளிப்போடுவது ஆபத்து. அடைத்த கல்லுக்குப் பின்னால் சிறுநீரகம் மெல்ல வீங்கிக்கொண்டிருக்கும். வலி நின்றுவிட்டாலும் கெடுதல் நின்றதாக அர்த்தமில்லை.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்து தங்கிவிட்ட வைட்டமின் சி மாத்திரை பற்றியும் சொல்ல வேண்டும். சுவீடனில் 23,355 ஆண்களைப் பதினோரு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், அந்த மாத்திரையை எடுத்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. உடலில் மிகுதியாகும் வைட்டமின் சியில் ஒரு பங்கு ஆக்சலேட்டாக மாறுகிறது. நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் உணவாகக் கிடைக்கும் அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

அடிக்கடி போவதற்கு எப்போதும் சிறுநீர்ப்பையே காரணமாக இருக்காது. ரத்தத்தில் சர்க்கரை 180 மில்லிகிராம் வாக்கில் போனதும் அது சிறுநீரில் வழியத் தொடங்கும். கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடைக்குறைவு என்று வந்தால் தண்ணீரைக் குறைப்பது தீ எரியும்போது மணியை அணைப்பதாகிவிடும். செய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனை. மலச்சிக்கலும் ஒரு மறைமுகக் காரணம். நிறைந்த மலக்குடல் பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. படுக்கையை நனைக்கும் குழந்தைகளில் சிலருக்கு மலச்சிக்கலைச் சரிசெய்தாலே பாதி தீர்ந்துவிடுகிறது.

காரமும் புளியும் தக்காளியும் எல்லோருக்கும் ஆகாது என்று சொல்ல முடியாது. தொற்று எதுவும் இல்லாமலே சிறுநீர்ப்பை நிறையும்போதெல்லாம் வலிக்கும் நோய் ஒன்று உண்டு. அந்த நோயாளிகள் பலருக்கு மிளகாய், எலுமிச்சை, தக்காளி, காபி, செயற்கை இனிப்பூட்டி போன்றவை வலியைக் கூட்டுகின்றன. யாருக்கு எது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். சந்தேகப்படும் பொருள்களை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பதே வழி. எல்லாவற்றையும் ஒரேயடியாக நிரந்தரமாக விட்டுவிட்டு வெறும் இட்லியில் வாழ வேண்டியதில்லை.

அப்படியானால் எவ்வளவுதான் குடிப்பது? வெயில், உழைப்பு, உடல்வாகு எல்லாவற்றையும் பொறுத்தது அது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவுக்குக் குடித்தால் போதும். பீட்ரூட் பொரியல் சாப்பிட்ட மறுநாள் சிவப்பாகவும், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை எடுத்தால் அடர் மஞ்சளாகவும் போவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். பீட்ரூட் சாப்பிடாமல் சிவப்பாகப் போனால், வலியே இல்லாவிட்டாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம் அதுவாக இருக்கலாம், புகைபிடிப்பவராக இருந்தால் இன்னும் கூடுதலாக. எரிச்சலோடு குளிர்ஜுரமும் முதுகுவலியும் சேர்ந்தாலும் காத்திருக்கக் கூடாது. இதய நோயோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டிக் குடிக்கக் கூடாது. பொட்டாசியம் மிகுந்த இளநீர் அவர்களுக்கு ஆபத்தாகவே முடியலாம்.

இரவுப் பயணம் போகும் பெண்ணுக்கு இதில் பயன்படக்கூடியது இருக்கிறது. பகல் முழுக்கச் சீராகக் குடித்துவிட்டு, ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு குறைத்துக்கொள்ளலாம். மாலை டீயையும் ஊறுகாயையும் அன்று விடலாம். ஏறுவதற்குச் சற்று முன் கழிப்பறைக்குப் போய்விட்டு, வழியில் தொண்டை நனையும் அளவுக்கு வாய் வாயாகக் குடிக்கலாம்.

உப்பளத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு இந்த யோசனை போதாது. தமிழ்நாட்டின் வெப்பம் மிகுந்த பணியிடங்களை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர், கழிப்பறை இல்லாததாலேயே பெண்கள் தண்ணீர் குடிப்பதைத் தவிர்ப்பதையும், அவர்களிடம் சிறுநீர்த் தொல்லைகள் மிகுந்திருப்பதையும் பதிவு செய்திருக்கிறார்கள். வியர்வை கொட்டும் வெயிலில் அடக்கிக்கொண்டு நிற்பவரிடம் எலுமிச்சைச் சாற்றின் பெருமையைப் பேசுவது அநியாயம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் குடிநீரையும் கழிப்பறையையும் அடுத்தடுத்த பிரிவுகளில் கட்டாயமாக்கியது. கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைக் கேரளத்துக்குப் பின் தமிழ்நாடும் 2021இல் சட்டமாக்கியது. பள்ளிகளில் பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்கச் சொல்லி மணி அடிக்கும் பழக்கம் கேரளத்தில் 2019இல் பரவி, பிறகு தமிழ்நாட்டுக்கும் வந்திருக்கிறது. அந்த மணி அடித்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் போவதற்குத் தாழ்ப்பாள் உள்ள கதவும், குழாயில் தண்ணீரும், கேட்டவுடன் அனுப்பும் ஆசிரியரும் இருக்கிறார்களா என்பதைப் பெற்றோர்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்க வேண்டும்.